தெளிஞ்சதும் வழுக்கறதும்

எங்கள் ஊரின் பெயரை ஒருமுறைகூட வாயால் சொல்லாமல் இந்த ஊரிலேயே பாதி ஆயுளைக் கழித்தவள் தொக்தோகான். ஊர்மேல் கோபமெல்லாம் கிடையாது. ஊருக்கு மைலூ-சூ என்று பெயர். எங்கள் மொழியில் மை என்றால் எண்ணெய், சூ என்றால் தண்ணீர். எண்ணெய்த் தண்ணீர் என்று ஒரு ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் ஆற்றைப் பார்த்து வைத்தார்களே தவிர, பின்னால் வரப்போகும் மருமகள்களை நினைத்து வைக்கவில்லை.

தொக்தோகானின் மாமனார் பெயர் மைலிபாய். மூத்தாரின், அதாவது கணவனுடைய அண்ணனின், பெயர் சுவான்குல். புகுந்த வீட்டு ஆண்களின் பெயர் மருமகள் வாயில் வரக்கூடாது. பெயரின் சாயல் உள்ள சொல்லும் வரக்கூடாது. ஆகவே மாமனாரோடு எண்ணெய் போயிற்று, மூத்தாரோடு தண்ணீர் போயிற்று, இரண்டும் சேர்ந்ததால் ஊரும் போயிற்று. மாமனார் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் சாகவில்லை. வெளியூர்க்காரர் யாராவது போனில் கூப்பிட்டு எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் "இங்கதான்" என்பாள். அதுவே போதுமானதாக இருந்தது. அவள் வேறு எங்கும் போனதில்லை.

சொல்ல முடியாததற்கு மாற்றுச் சொல் வேண்டுமல்லவா? தண்ணீரைத் 'தெளிஞ்சது' என்றாள். எண்ணெயை 'வழுக்கறது' என்றாள். புகுந்த முதல் வாரத்திலேயே பிடித்த பெயர்கள் அவை. மற்ற மருமகள்களும் தத்தம் வசதிக்கு ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். ரஷ்ய மொழியில் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. சுவான்குல் அதற்கும் வழி விடவில்லை. "வேற பாஷைல திட்டுனா மட்டும் திட்டு இல்லன்னு ஆயிடுமா?" என்று ஒரே கேள்வியில் அடைத்துவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தொக்தோகானின் பிழைப்பே எண்ணெயையும் தண்ணீரையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் பார்த்துக்கொள்வதுதான். ஆற்றங்கரைச் சாலையில் பாப்ளர் மரங்கள் முடிகிற இடத்தில் உள்ள பஞ்சர் கடை அவளுடையது. அவளுடையது என்று ஊர் சொல்லும். கடை கட்டியிருக்கும் நிலம் மைலிபாய் குடும்பத்துடையது. கணவன் ஜபார் ஒரு பழைய சோவியத் கம்ப்ரசரை எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்துக் கடையைத் தொடங்கினான். பெல்ட் எப்படி மாட்டுவது என்று மனைவிக்குக் காட்டிக்கொடுத்த கையோடு வேலை தேடி மாஸ்கோவுக்குப் போய்விட்டான். முதலில் பணம் வந்தது, அப்புறம் போன் வந்தது, அப்புறம் பண்டிகை வாழ்த்து வந்தது. கம்ப்ரசர் நின்ற இடத்திலேயே நின்றது.

அதைப் பராமரிக்கும் முறையில் அவளிடம் ஒரு மாற்றமும் இருக்காது. காலையில் கதவைத் திறந்ததும் குனிந்து பம்பின் பக்கத்திலுள்ள வட்டக் கண்ணாடியைப் பார்ப்பாள். உள்ளே எண்ணெய் சிவப்புப் புள்ளியின் நடுவுக்கு நிற்க வேண்டும். குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. பிறகு பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துவாள். ஒரு விரல் அளவுக்கு இறங்கினால் சரி. காற்று இழுக்கும் வாயில் இருக்கும் ஃபில்டரைக் கழற்றி முழங்காலில் இரண்டு தட்டு தட்டுவாள். எங்கள் ஊர்த் தூசி லேசானதல்ல. மேலே மலைச்சரிவில் பழைய யுரேனியக் கழிவைப் புதைத்துக் கம்பிவேலி போட்டு மஞ்சள் முக்கோணம் மாட்டிவைத்திருக்கும் பக்கமிருந்தெல்லாம் வரும். ஃபில்டரைத் தட்டும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொள்வாள். வாரத்துக்கு ஒருநாள் சேஃப்டி வால்வின் வளையத்தைச் சுண்டி இழுத்து, அது இன்னும் சீறுகிறதா என்று பார்ப்பாள்.

மாலையில் மிஷினை நிறுத்திய பிறகு டேங்கின் அடியிலுள்ள குழாயைத் திறப்பாள். காற்றை அமுக்கினால் காற்றிலிருக்கும் ஈரமெல்லாம் பிரிந்து டேங்கின் அடியில் தண்ணீராகத் தேங்கும். வடிக்காமல் விட்டால் டேங்க் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். குளிர்காலமானால் உறைந்து குழாய் அடைத்துக்கொள்ளும். குழாயின் கீழே ஒரு தகர டப்பாவைப் பிடிப்பாள். அதில் விழுவது சுத்தமான தண்ணீராக இருக்காது. பம்பிலிருந்து தப்பி வந்த எண்ணெய் கலந்து பால்போல் கலங்கி, மேலே வானவில் மினுக்கத்தோடு இருக்கும். எண்ணெய்த் தண்ணீர். அதாவது, ஊரின் பெயர். தினமும் அரை டப்பா ஊரின் பெயரைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் இருந்த பீப்பாயில் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போவாள்.

டாக்ஸிக்காரன் ஷேர்மாத்துக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. எப்படியாவது தொக்தோகானின் வாயிலிருந்து அந்தச் சொல்லை வரவழைக்க வேண்டும்.

"அக்கா, டீ எதுல போடுவீங்க?"

"கெட்டில்ல."

"கெட்டில்ல என்ன ஊத்துவீங்க?"

"நீ குடிக்க மாட்ட, உனக்கு எதுக்கு?"

"சரி விடுங்க. மழை பெஞ்சா ரோட்டுல என்ன நிக்கும்?"

"உன் வண்டி."

சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள். சிரிக்க வைக்க வேண்டும் என்று சொன்னதுபோலவும் இருக்காது. சக்கரத்திலிருந்து டியூபை உருவுவதுபோலத்தான் பதிலையும் உருவிப் போடுவாள். நாங்கள் இதைக் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது மரத்துப் போனது என்று புரிந்துகொள்ள எங்களுக்கு நாளாயிற்று. இரண்டும் வெளியே பார்க்க ஒரேமாதிரிதான் இருக்கும்.

ஜபாரின் குரல் செய்தி வந்த காலையிலும் அவள் ஃபில்டரைத் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். போனைப் பெல்ட்டின் தகரமூடிமேல் வைத்துக் கேட்டாள். மாஸ்கோவில் இன்னொருத்தியோடு குடும்பம் ஆகிவிட்டது, இதற்கு மேல் சுற்றிவளைத்துப் பேச ஒன்றுமில்லை என்று சொல்லி, மூன்று முறை தலாக் சொல்லியிருந்தான். பஞ்சருக்காகக் காத்துக்கொண்டிருந்த ஷேர்மாத்தும் கேட்டான். அன்று அவன் ஒன்றும் கேட்டு வம்பிழுக்கவில்லை.

"அக்கா..." என்றான்.

"வலது பக்கம் பின் டயருதானே?" என்றாள் அவள். "ஆணி இல்லப்பா. வால்வு போயிருக்கு."

நியாயப்படி பார்த்தால் அன்றோடு அவள் மைலிபாய் குடும்பத்து மருமகள் இல்லை. அன்றோடு தண்ணீரைத் தண்ணீர் என்று சொல்லியிருக்கலாம். ஊர் முழுக்க நின்று கத்தியிருக்கலாம். ஆனால் மாலையில் வழக்கம்போல டப்பாவைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவரிடம் "இன்னிக்குத் தெளிஞ்சது கொஞ்சம் அதிகமா வருது, ஈரக் காத்து" என்றாள். விசுவாசமா, வீம்பா என்று ஊர் இரண்டு கட்சியாகப் பேசியது. இரண்டுக்குமே கொஞ்சமாவது சூடு வேண்டும். அவளிடம் அது இருந்ததாகத் தெரியவில்லை.

இதில் மிகவும் பூரித்துப் போனவர் சுவான்குல்தான். பஸ் டிப்போவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே சாப்பிடுகிறவர். எந்த விருந்துக்குப் போனாலும் புலாவ் தட்டு வருவதற்குள் ஆரம்பித்துவிடுவார். "தலாக் ஆயிடுச்சு. ஆனா என்ன? எங்கப்பா பேரு இன்னும் அவ வாயில வரல, என் பேரும் வரல. இந்தக் காலத்துல எவ இப்படி இருக்கா, சொல்லுங்க பாப்போம்!" அப்படிச் சொல்லிக்கொண்டே, தலாக் ஆனவளுக்குக் குடும்ப நிலத்தில் கடை எதற்கு என்றும் யோசித்துக்கொண்டிருந்தார். இரண்டு எண்ணமும் ஒரே தொப்பிக்குக் கீழே சண்டையில்லாமல் குடியிருந்தன.

சுவான்குலின் மகனும் ரஷ்யாவில்தான். அவன் மனைவி பெகிம் வீட்டில் சும்மா இருந்தாள். உண்மையில் அவள் பெயர் பெகிமை. கடைசியில் இருக்கும் 'மை'யில் தன் அப்பா பெயர் கேட்கிறது என்று சொல்லி, கல்யாணத்தன்றே சுவான்குல் அந்த வாலை வெட்டிவிட்டார். அந்தப் பெயரில் இருப்பது எண்ணெய் இல்லை, நிலா என்று பெண்வீட்டார் எடுத்துச் சொன்னார்கள். நிலாவுக்காக அப்பாவை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை.

ஒருநாள் அவர் கடைக்கு வந்து, டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து, டீ வாங்கிக்கொண்டு சொன்னார்:

"தொக்தோ, உனக்கும் பொறந்த வீடுன்னு ஒண்ணு இருக்கு. அண்ணன் இருக்கான். இங்க தனியா கெடந்து எதுக்குக் கஷ்டப்படணும்? பெகிம் கத்துக்கட்டும். கத்துக்குடுத்துட்டு நீ நிம்மதியா போ."

தொக்தோகானுக்குப் பிள்ளை இல்லை. பிறந்த வீட்டில் அண்ணன் மனைவியும், அவள் பிள்ளைகளும், அவர்கள் பிள்ளைகளும் சேர்ந்து படுக்கவே இடம் போதாது. அவளுக்கென்று உலகத்தில் இருந்தது இந்தக் கடையும் அதன் பின்னால் ஒரு சின்ன அறையும்தான். அது போய்விட்டால் போவதற்கு இடமில்லை. எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். அவள் சொன்னது ஒரே ஒரு வார்த்தை.

"சரி."

"கோவமில்லையே?"

"எதுக்கு?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே எதற்கென்று யோசித்துக் கிடைக்காதவள்போலக் கேட்டாள்.

பாடம் மறுநாள் காலையில் நடந்தது. முலாம்பழ லாரி ஒன்று ஜாக்கியில் நின்றிருந்தது. டிரைவர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். மேற்பார்வை பார்ப்பதற்காகச் சுவான்குல் அதே டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். தொக்தோகானின் இரண்டு கையிலும் டயர் இரும்பு. அதனால் முகவாயை அசைத்து அசைத்துத்தான் காட்டினாள்.

"சாயங்காலம் மறக்காம அடியில இருக்கறதைத் தொறந்து தெளிஞ்சதை வடிச்சுடணும். ஒரு சொட்டு நிக்கக் கூடாது."

"சரிங்க சின்னத்தே."

"வழுக்கறது எப்பவும் இந்தச் செவப்புப் புள்ளிக்கு இருக்கணும். கண்ணாடில பாத்துக்க. கொறஞ்சா மேல மூடியைக் கழட்டி ஊத்து."

"சரிங்க."

"தெளிஞ்சது நின்னா மிஷினுக்கு ஆகாது. வழுக்கறது இல்லன்னா மிஷினே இல்ல. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

பெரியவர்கள் சொல்லும்போது புரியவில்லை என்று எந்த மருமகளும் சொல்வதில்லை. தவிரவும், பெகிமுக்கு உண்மையாகவே புரிந்திருந்தது. அவளுக்கும் அதே வீடு, அதே பெயர்கள், அதே தடை. மாற்றுச் சொல்தான் வேறு. கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்தில் இரண்டு வாளித் தண்ணீரோடு முற்றத்துப் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாள். வீடே சிரித்தது. அன்றிலிருந்து தண்ணீர் அவளுக்கு 'வழுக்கறது'. புலாவுக்குப் பருத்திக்கொட்டை எண்ணெயைக் காய வைக்கும்போது, அது பொன்நிறம் மாறித் தெளிய வேண்டும், தெளிந்த பிறகுதான் இறைச்சியைப் போட வேண்டும் என்று மாமியார் தினமும் கத்துவாள். அதிலிருந்து எண்ணெய் அவளுக்குத் 'தெளிஞ்சது'.

பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்த சுவான்குலுக்கு இரண்டு பேரின் சொல்லும் தெரியும். அவை வெவ்வேறு என்பது அவருக்குத் தோன்றவில்லை. இரண்டு மருமகள்கள் தன் பெயரையும் அப்பா பெயரையும் இவ்வளவு பக்குவமாகச் சுற்றிப்போகிறார்களே என்ற சந்தோஷம் காதை அடைத்துவிட்டது.

மாலையில் தொக்தோகான் ஒரு பையோடு அண்ணன் ஊருக்குக் கிளம்பினாள். போகும்போது பெல்ட்டை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள் என்று ஷேர்மாத் சொன்னான். அவன்தான் கொண்டுபோய் விட்டான்.

பிறந்த வீட்டில் அண்ணன் மனைவி கதவருகிலேயே கட்டிப்பிடித்து அழுதாள். தொக்தோகான் அவள் அழுது முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள். பிறகு, "குடிக்கத் தெளிஞ்சது கொஞ்சம் குடு" என்றாள்.

"அடி பைத்தியக்காரி! இங்க யாருக்குப் பயப்படற? இது உன் வீடுடி. தண்ணின்னே சொல்லு. எங்க, சொல்லு பாப்போம்."

தொக்தோகான் வாயைத் திறந்தாள். சிறு பிள்ளையில் அந்த முற்றத்தில் ஆயிரம் முறை கத்திய சொல். உதடு குவிந்தது. காற்று மட்டும் வந்தது. வேறு யாருடைய செருப்பிலோ கால் விட்டதுபோல அவள் முகம் ஒரு நொடி தடுமாறியது. அப்புறம் பழையபடி ஆகிவிட்டது.

"விடு அண்ணி. தாகம் போயிடுச்சு" என்றாள்.

இங்கே கடையில் பெகிம் சொன்னதைச் சொன்னபடியே செய்தாள். மாலையில் மிஷினுக்கு அடியில் குனிந்தாள். அடியில் திறப்பதற்கு இரண்டு இருந்தன. டேங்கின் கீழே குழாய், பம்பின் கீழே திருகு. தெளிஞ்சது எதில் இருக்கிறது என்று முதலில் குழாயைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் வந்தது. அவள் கணக்கில் தண்ணீர்தான் வழுக்கறது, தங்கியே ஆகவேண்டியது என்று அவசரமாக மூடினாள். திருகைக் கழற்றினாள். எண்ணெய் கருப்பாக வந்தது. ஒரு சொட்டு நிற்காமல் வடித்தாள். கண்ணாடியைப் பார்த்தாள், காலி. மேல்மூடியைக் கழற்றி, கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிச் சிவப்புப் புள்ளியின் நடுவுக்கு வரும்வரை ஊற்றினாள். துணியில் வடிகட்ட யாரும் சொல்லவில்லை. அது அவளுடைய சொந்தச் சிரத்தை.

மறுநாள் காலையில் கண்ணாடியில் அளவு மிகச் சரியாக இருந்தது. சுவான்குலே வந்து குனிந்து பார்த்து, "பரவால்லயே" என்றார். மிஷினைப் போட்டார்கள். முதலில் வழக்கம்போல ஓடியது. பிறகு குரல் மாறியது. பிறகு இரும்பை இரும்பு தின்கிற சத்தம் வந்தது. பெல்ட் புகைந்தது. ஒரு உதறல் உதறி நின்றுவிட்டது. பிஸ்டன் சிலிண்டரை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.

பெகிம் ஓவென்று அழுதாள். சுவான்குல் கத்திய கத்தில் ஆற்றங்கரை முழுதும் வந்து நின்றது. கூட்டத்திலிருந்து ஷேர்மாத் நழுவி, யாரும் சொல்லாமலே போய்த் தொக்தோகானைக் கூட்டிவந்தான்.

விசாரணை கடை வாசலிலேயே நடந்தது. நடத்தியவர் எர்கேஷ் பெரியவர். நிலத்தகராறு, மாட்டுத்தகராறு, மாமியார் தகராறு எல்லாவற்றுக்கும் ஊரில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கவிழ்த்துப் போட்ட பெட்டியின்மேல் ரொட்டியும் டீயும் வைத்தார்கள். ரொட்டியைப் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"சொல்லும்மா பெகிம். என்னத்தை வடிச்ச?"

"தெளிஞ்சதை, தாத்தா."

"என்னத்தை ஊத்துன?"

"வழுக்கறதை."

அவர் தொக்தோகான் பக்கம் திரும்பினார். "நீ என்னத்தை வடிக்கச் சொன்ன?"

"தெளிஞ்சதை."

"என்னத்தை ஊத்தச் சொன்ன?"

"வழுக்கறதை."

எர்கேஷ் பெரியவர் தாடியைத் தடவினார். "ரெண்டு பேரும் ஒண்ணைத்தானே சொல்றீங்க. சொன்னதும் சரி, செஞ்சதும் சரி. அப்புறம் மிஷின் ஏன்ப்பா நின்னுச்சு?"

"தாத்தா, அதுக்கு ரெண்டு பாஷையும் தெரியலை போல" என்றான் ஷேர்மாத்.

தொக்தோகான் அதற்குள் பம்பின் அடித்திருகைக் கழற்றியிருந்தாள். துருநிறத் தண்ணீர் வந்தது. டப்பாவைப் பெரியவர் முன்னால் வைத்தாள். அவர் விரலை விட்டுப் பார்த்தார். முகர்ந்தார். அவருக்குப் புரிந்தது. சிரிப்பை ரொட்டித் துண்டோடு சேர்த்து விழுங்கினார்.

சுவான்குல் எழுந்து நின்றார். "இவ வேணும்னே பண்ணிருக்கா! கடை போற கோவம். தலாக் ஆனவ, எங்க குடும்பத்துக்கு இப்ப இவ யாரு? எங்க பேரைச் சொல்ல இவளுக்கு என்ன தடை? எண்ணெய்னா எண்ணெய்னு, தண்ணின்னா தண்ணின்னு வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே! எனக்கு இன்னிக்கே தீர்ப்பு வேணும். இவ போனவ போனவளாவே இருக்கணும். மிஷினுக்கும் பதில் சொல்லணும்."

கூட்டம் தொக்தோகானைப் பார்த்தது. அவள் பெல்ட்டின் கருகிய இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நீ உக்காருப்பா" என்றார் பெரியவர். "அவ பாடம் சொல்றப்ப நீ எங்க இருந்த?"

"இங்கதான். டயர் மேல."

"அவ உன் காதுபட அந்தப் பேரைச் சொல்லியிருந்தா?"

சுவான்குல் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"டீ கிளாஸைத் தூக்கி எறிஞ்சிருப்ப. போன வாரம் என் வீட்டு விருந்துல என்ன சொன்ன? தலாக் ஆயும் எங்கப்பா பேரு அவ வாயில வரலன்னு. மூணு தடவை சொன்ன. என் புலாவ் ஆறிப்போச்சு."

"சொன்னேன்தான். அது வேற..."

"வேற இல்லப்பா, அதேதான். ரெண்டுல ஒண்ணை எடுத்துக்க. அவ உங்க மருமவள்னா, பேரைச் சொல்லாதது மரியாதை. குத்தம் இல்ல. ஆனா மருமவளைக் கடையை விட்டு அனுப்ப முடியாது. உங்கப்பன் மண்ணுல அவளுக்கு எடம் உண்டு. அவ மருமவ இல்லன்னா, சொல்லியிருக்கணும். சொல்லாதது குத்தம். மிஷின் அவ தலைல. ஆனா அப்ப நீ ஊரெல்லாம் பீத்திக்கிட்டதுக்கு என்ன பேரு? எவளோ ஒருத்தி, உன் குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாதவ, உன் பேரைச் சொல்லலைன்னா அதுல உனக்கு என்னய்யா பெருமை? நானும்தான் இன்னிக்குக் காலைலேருந்து உன் பேரைச் சொல்லலை."

கூட்டம் சிரித்தது. சுவான்குல் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். தொப்பியைக் கழற்றினார். நாங்கள் யாரும் அதுவரை அவர் வழுக்கைத் தலையை வெளிச்சத்தில் பார்த்ததில்லை. நிலத்தையும் கடையையும் ஒரு பக்கம் வைத்தார், விருந்துகளை இன்னொரு பக்கம் வைத்தார். அவர் முகத்தில் தராசு மேலும் கீழும் போவது தெரிந்தது. டீயில் ஆடை படிந்தது.

தொக்தோகான் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலிருந்த கூரையைப் பற்றித்தான் பேச்சு. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. கைவிரல் உறைந்தவனுக்கும் கத்தி வெட்டுவது கண்ணுக்குத் தெரியும், வலிதான் வராது. அந்த மாதிரி இருந்தாள்.

கடைசியில் சுவான்குல் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"மருமவதான்" என்றார். "எங்கப்பாவோட மருமவ. தலாக் சொன்னது அந்த நாய். எங்கப்பா சொல்லலையே!"

அப்படி அவர் சொன்னதும், தன் தம்பியை எல்லோர் முன்னாலும் நாய் என்று சொல்லிவிட்டோமே என்று ஒரு கணம் திகைத்தார். பிறகு அதுவும் விருந்தில் நன்றாக எடுபடும் என்று தோன்றியிருக்க வேண்டும், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

பெகிம் மறுபடி அழுதாள். இந்த முறை நிம்மதியில். அவளுக்குத் தையல் பட்டறையில் சேரத்தான் ஆசை; அங்கே கம்ப்ரசர் கிடையாது, ஊசியின் பெயர் கொண்ட உறவுக்காரரும் குடும்பத்தில் யாரும் கிடையாது.

"அழாதடி. பிஸ்டன் ரிங்கு கெடைக்கும்" என்றாள் தொக்தோகான்.

எர்கேஷ் பெரியவர் கனிவாகக் கேட்டார்: "தீர்ப்பு ஆயிடுச்சும்மா. உனக்கு ஏதாவது சொல்லணுமா? என்ன வேணும் உனக்கு?"

"ஒரு செட் ரிங்கு. சிலிண்டரைத் தேய்ச்சுப் பாக்கணும். பெல்ட்டும் புதுசு" என்றாள் அவள். பிறகு சுவான்குலைப் பார்த்து, "அந்தப் பெரிய ஸ்பேனர் உங்க காலடியில இருக்கு, எடுத்துத் தாங்க" என்றாள். அவர் எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். நன்றியையோ கண்ணீரையோ எதிர்பார்த்து நின்றவர்கள், போல்ட் கழலும் சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

என் காருக்குக் காற்றுப் பிடிக்கப் போனபோது ஒருநாள் நானே கேட்டேன், வேண்டுமென்றுதான் அப்படிச் சொன்னாயா என்று. பெகிமின் மாற்றுச் சொற்கள் அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. ஒரே முற்றத்தில் எத்தனை புலாவ் சமைத்திருப்பார்கள்.

அவள் கேஜைப் பார்த்துக்கொண்டே, "நானும் நெனச்சுப் பாத்தேன். தெரியலை" என்றாள். முள் வர வேண்டிய இடத்துக்கு வந்தது. "போதும். இதுக்கு மேல வெச்சா இந்த ரோட்டுக்குத் தாங்காது."

சிலிண்டர் தப்பித்திருந்தது. ரிங் மாற்றி, புது எண்ணெய் ஊற்றி, கொஞ்ச நேரம் சுமையில்லாமல் ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள். இப்போது பழைய குரலுக்கே வந்துவிட்டது. கண்ணாடியில் சிவப்புப் புள்ளியின் நடுவில் எண்ணெய் நிற்கிறது. விருந்துகளில் சுவான்குலின் கதை முன்னைவிட நீண்டுவிட்டது. அதில் கம்ப்ரசர் வருவதில்லை.

நேற்று மாலை வெளியூர் லாரிக்காரன் ஒருவன் கடை வாசலில் நிறுத்தினான். போனில் யாருக்கோ இடம் சொல்ல வேண்டும். தொக்தோகான் டேங்கின் அடியில் குந்தியிருந்தாள். டப்பாவில் கலங்கலாக விழுந்துகொண்டிருந்தது.

"அக்கா, இது எந்த ஊரு?"

அவள் டப்பாவை முகவாயால் காட்டினாள்.

"இதுதான்."

அவன் டப்பாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். போனை மறுபடி காதில் வைத்து, "ஏதோ ஒரு ஊருப்பா, பாப்ளர் மரமா இருக்கு" என்றான்.

குழாயிலிருந்து கடைசிச் சொட்டும் விழுந்து, வெறும் காற்று சீறியது. அவள் மூடினாள்.